காலி டிஸ்கின் பச்சை விளக்கு

சாந்தகுமாரி கடைக்குள் காலெடுத்து வைத்த கையோடு இரண்டு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இரண்டும் வேறு வேறு குற்றம். இரண்டுக்கும் அவள் வந்த காரியத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இத்தனைக்கும் முதலாளி உதயசூரியன் சொன்னது ஒரே வாக்கியம்தான். "சர்வரைப் பார்க்க ஆள் வந்திருக்காங்க."

யாங்கோனின் தாம்வே மார்க்கெட்டுக்குப் பின்னால் கலியாண வீடியோவும் கோயில் திருவிழா வீடியோவும் எடுக்கிற கடை அது. எடிட்டர் மரியபுஷ்பம் சட்டென்று ஹெட்போனைக் கழற்றினாள். கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைச் சாந்து காய்ந்து வெடித்திருந்தது.

"ஸயாமா, நான்தான். வேலை நேரத்துல கொரியா நாடகம் இறக்கிப் பார்த்தேன். இனிமே செய்ய மாட்டேன்."

யாங்கோனில் படித்த பெண்ணை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ஸயாமாதான். அந்த மரியாதைக்குப் பதில் சொல்வதற்குள், டீக்கோப்பைகளோடு மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்த முதலாளியின் மனைவி காளியம்மா பாதியிலேயே நின்றுவிட்டாள்.

"அவளைத் திட்டாதீங்கம்மா. தப்பு என்னுது. கரண்டு போனா சோறு அரைவேக்காட்டுல நின்னுடுது. அதான் குக்கரை இந்த பேட்டரிப் பெட்டியில சொருகிட்டேன். அதுலதான் சர்வர் ஓடுதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சிச்சு. தெரிஞ்சும் எடுக்கலை."

சாந்தகுமாரியின் உதவியாளன் ஜோஸ் அவள் காதருகே குனிந்தான். அவன் வாய்க்கு ஆண்டவன் கதவு வைத்தானே தவிரத் தாழ்ப்பாள் வைக்கவில்லை.

"ஸயாமா, இன்னும் கொஞ்ச நேரம் நின்னா தெருநாயும் உள்ள வந்து, செருப்பைத் தூக்கினது நான்தான்னு சொல்லும்போல."

அவள் சிரிக்கவில்லை. குற்றமில்லாதவர்களுக்குத்தான் குற்ற உணர்ச்சி அதிகம் என்பது அவள் அனுபவம். அசல் ஆள் அமைதியாக இருப்பான். இங்கே அமைதியாக டீயை வாங்கி உறிஞ்சியவர் ஒருவர்தான்: அவளை வரவழைத்த முதலாளி.

கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அவர் குரல் இறங்கியது.

"சர்வர்ல மூணு பகுதி இருக்கு ஸயாமா. கலியாணம், கோயில், குடும்பம். முதல் ரெண்டும் தொழில். மூணாவதுல எங்க வீட்டுப் படங்க இருந்திச்சு. அதை அழிச்சாச்சு. இப்பக் காலி. ஆனா நான் சாப்பிட்டுக் கண்ணயர்ற நேரம் பார்த்து, அந்தக் காலிப் பகுதிக்குப் பச்சை விளக்கு மினுங்குது. யாரோ உள்ள பூந்து என்னமோ எடுக்கறாங்க."

சர்வரில் இருந்த டிஸ்குகளையெல்லாம் ஒரே பானை மாவாகச் சேர்த்து, வேண்டிய அளவுக்கு எடுத்து மூன்று பகுதியாக்கி வைத்திருந்தார்கள். வங்கி ஒன்றின் கம்ப்யூட்டர் அறையைக் கவனித்துவிட்டுத் துப்பறியும் வேலைக்கு வந்திருந்த சாந்தகுமாரிக்கு இது தோசை சுடுகிற மாதிரி விஷயம்.

"அட்மின் பாஸ்வேர்டு?"

"புஷ்பத்துகிட்டதான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் எதுவும் கேக்காதீங்க. சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க. திருட்டுன்னா அவளை அனுப்பிடறேன்."

"சாவியை வச்சிருக்கறவ மேலதான் சந்தேகம். அவகிட்ட சாவி கேக்கக் கூடாது. நாம பூட்டை முறைச்சுப் பார்த்தே திறக்கணும்" என்றான் ஜோஸ். முதலாளி அதைக் காதில் வாங்கவில்லை.

சாந்தகுமாரியின் பார்வை சுவரில் இருந்தது. சாமி படங்களுக்கும் கலியாண ஜோடிகளுக்கும் நடுவே ஒரு சதுரத்தில் மட்டும் பெயிண்ட் வெளிறாமல் புதுசாக இருந்தது.

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரு பையன். சுந்தர். வெளியூர்ல இருக்கான்."

"எந்த ஊர்ல?"

"வெளியூர்ல."

பட்டாளம் ஆட்சி நடத்தும் இந்தக் காலத்தில் இந்த ஊரில் மூன்றாவது தடவை யாரும் கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை.

மதியம். முதலாளி கண்ணாடி அறை நாற்காலியில் லொஞ்சிக் கைலியை இழுத்துச் சொருகிக்கொண்டு கண்ணை மூடினார். மரியபுஷ்பம் டீக்கடைக்குச் சாப்பிடப் போனாள். சாந்தகுமாரி மடிக்கணினியைச் சர்வரோடு இணைத்தாள். விருந்தாளிக்குக் கொடுக்கிற சாதாரண அனுமதிதான். படிப்பது எவ்வளவு, எழுதுவது எவ்வளவு என்று காட்டும் இரண்டு கோடுகள் மட்டும் தெரிந்தன. கோடுகளைப் பார்த்துக்கொண்டே சூரியகாந்தி விதையைக் கடித்து உமியைத் துப்பினாள்.

"பொறி வைப்போம் ஸயாமா" என்றான் ஜோஸ். "காலிப் பகுதியில பெரிய ஃபைல் ஒண்ணைக் கொண்டுபோய்க் கொட்டறேன். 'யாரும் பார்க்காதே'ன்னு பேர் வைக்கிறேன். மனுஷனாப் பொறந்தவன் எவனும் விட மாட்டான்."

அவள் யோசிக்காமல் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காக அன்றைக்கே அவள் வருத்தப்பட வேண்டியிருந்தது.

ஜோஸின் ஃபைல் மெதுவாகக் குடும்பப் பகுதிக்குள் இறங்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு வேறு மாதிரி மினுங்கியது. எழுதும் கோட்டுக்குக் கீழே, படிக்கும் கோட்டில் தனியாக ஒரு மெல்லிய அசைவு.

"வந்துட்டான்!" ஜோஸ் எழுந்தேவிட்டான். பிறகு காலி நாற்காலியைப் பார்த்தான். "ஆனா புஷ்பம் டீக்கடையில இருக்காளே."

"உக்காரு. திருடன் எப்படி எடுப்பான்?"

"அள்ளுவான். டிஸ்க் எவ்வளவு வேகம் குடுக்குதோ அவ்வளவு வேகத்துல அள்ளிட்டு ஓடுவான்."

"இதைப் பாரு. கொஞ்சம் கொஞ்சமா, ஒரே சீரா எடுக்குது. இந்த வேகத்துக்கு என்ன பேரு?"

ஜோஸ் கோட்டைப் பார்த்தான். முன்பு கலியாண வீடியோக்களோடு குப்பை கொட்டியவன் அவன். "வீடியோ ஓடற வேகம் ஸயாமா. யாரோ உக்காந்து பாக்கறாங்க."

கோடு நின்றது. கொஞ்சம் பொறுத்து, பின்னால் போய் முன்பு படித்த இடத்தையே மறுபடி படித்தது. பிறகு அதே இடத்தில் நின்றது.

"நம்மாளுக்கு ஞாபகசக்தி கம்மி" என்று ஜோஸ் சர்வரைத் தட்டினான். "பழைய பெட்டி. பார்த்ததையே திரும்பப் பார்த்தாலும் டிஸ்கைத்தான் போய்த் தட்டும். அதான் நமக்குத் தெரியுது."

"ஜோஸ், மாடியைப் பார்த்துக் குடிக்கத் தண்ணி கேளு."

"தாகமில்லையே."

"கேளு."

"அம்மா! கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

கோடு விழுந்தது. பச்சை விளக்கில் ஜோஸின் ஃபைலைத் தவிர வேறு அசைவில்லை. படியில் காலடி. காளியம்மா செம்போடு இறங்கி வந்தாள். "கேக்கறதுக்கு என்னப்பா கூச்சம், இந்தா" என்றாள். கண்ணிமை சிவந்து வீங்கியிருந்தது. வெங்காயம் என்று சொல்லத் தயாராக இருந்தாள், யாரும் கேட்கவில்லை. அவள் மேலே போனதும் விட்ட இடத்திலிருந்து கோடு மறுபடி நகர்ந்தது.

ஜோஸ் செம்பைக் கீழே வைத்தான். "மாடியில டிவி. சரி. ஆனா காலி டிஸ்குல என்னத்த ஸயாமா பாக்கறாங்க?"

சாந்தகுமாரியின் பார்வை எழுதும் கோட்டுக்குத் தாவியிருந்தது. கையிலிருந்த விதை அப்படியே நின்றது.

"உன் ஃபைலை எத்தனை இடத்துல எழுதறே?"

"ஒரே இடத்துலதான்."

"டிஸ்க் ரெண்டு தடவை எழுதுது. நீ ஒண்ணு எழுதினா, அதுக்கு முன்னாடி அங்க இருந்த பழசைப் படிச்சு வேற எங்கேயோ எடுத்து வைக்குது. அப்புறம்தான் உன்னோடதை எழுதுது. காலியா இருந்தா எதை ஜோஸ் எடுத்து வைக்கும்?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது. "நிறுத்து. இப்பவே நிறுத்து!"

அவன் நிறுத்தினான்.

வாசலில் மரியபுஷ்பம் நின்றிருந்தாள். கடைசி வார்த்தைகள் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். கையிலிருந்த டீப் பொட்டலம் சாய்ந்து தரையில் ஒழுகியது.

"ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சிருக்கே, இல்ல?" என்றாள் சாந்தகுமாரி.

புஷ்பம் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"முதலாளி அழிக்கச் சொன்னாரு ஸயாமா. பக்கத்துலயே நின்னாரு. நான் அழிச்சேன், பொய் சொல்லலை. ஆனா அதுக்கு முன்னாடி, அவர் வெத்தலை துப்பப் போன நேரத்துல, அந்தப் பகுதி அன்னிக்கு எப்படி இருந்திச்சோ அப்படியே பிடிச்சு வச்சேன். சுந்தர் அண்ணன் படம் பூரா அதுலதான் இருக்கு. அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். நான் செஞ்சது துரோகம்தான். முதலாளி முகத்தைப் பார்க்கவே முடியலை."

"என்ன பிடிச்சு வச்சே? எனக்கும் தமிழ்ல சொல்லுங்க" என்றான் ஜோஸ்.

"வெள்ளம் வரும்போது சாமானை மாடிக்கு ஏத்துவோம்ல, அதான்" என்றாள் சாந்தகுமாரி. "கீழ எங்கே புதுசா எழுதினாலும், அந்த இடத்துல இருந்த பழசை மாடிக்குத் தூக்கிடும். தண்ணி ஏறாத இடத்துல இருக்கற சாமான் கீழயே இருக்கும். அதான் காலிப் பகுதியைப் படிக்கற மாதிரி நமக்குத் தெரிஞ்சுது. ஆனா மாடி சின்னது. நிரம்பிட்டா மொத்த மாடியும் இடிஞ்சுடும். ஒரு படம் மிஞ்சாது."

"வெள்ளம்..." ஜோஸ் மெதுவாகச் சொன்னான். "நான் கொட்டினது."

"நான் தலையாட்டினது. புஷ்பம், பாஸ்வேர்டு போடு."

புஷ்பம் தட்டினாள். மூவரும் திரையைக் குனிந்து பார்த்தார்கள். ஸ்னாப்ஷாட் என்கிற அந்த மாடியில் ஒரு ஓரம்தான் காலியாக மிச்சமிருந்தது. இன்னும் ஒரு வாய் டீ குடிக்கிற நேரம் ஜோஸின் ஃபைல் ஓடியிருந்தால், அம்மாவின் டிவியில் மகன் முகம் பாதியில் நின்றுபோயிருக்கும்.

"வெளி டிஸ்க் ஒண்ணு எடு. படிச்சா கெடாது, எழுதினாத்தான் கெடும். எல்லாத்தையும் அதுக்கு மாத்திடலாம்."

நகல் ஓடத் தொடங்கியது. முக்கால்வாசி தாண்டியிருக்கும், தலைக்கு மேல் மின்விசிறி முனகிக்கொண்டு நின்றது. தெரு முழுக்க ஒரு பெருமூச்சு. யாங்கோன்காரர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கரண்டு போய்விட்டது.

மறுகணம் பேட்டரிப் பெட்டி அலறியது.

"இதென்ன, இப்பத்தானே மாறிச்சு, அதுக்குள்ள சாகுதா?" என்றான் ஜோஸ்.

"குக்கர்!" என்றாள் சாந்தகுமாரி. "சாயந்திரச் சோறு! சர்வர் படுத்தா, எழும்போது தன்னைத்தானே சரிபார்த்து எழுதும். அந்த எழுத்துக்குக்கூட மாடியில இடமில்லை. அம்மா! குக்கரைப் பிடுங்குங்க!"

காளியம்மா படியில் வழுக்கிக்கொண்டே இறங்கி வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. வயரைப் பிடித்து, சுவரோடு பெயர்ந்து வருகிற மாதிரி இழுத்தாள். அலறல் நின்றது. சர்வர் நின்றுவிடவில்லை. கோடு ஊர்ந்தது.

"தப்பு என்னுது" என்றாள் காளியம்மா மூச்சு வாங்க.

"இல்லம்மா. இந்தத் தடவை குத்தத்தை ஒத்துக்கற வரிசையில எனக்கு முன்னாடி யாரும் நிக்கக் கூடாது" என்றான் ஜோஸ். பிறகு புஷ்பத்தின் பக்கம் திரும்பி, பர்மிய மரியாதை சேர்த்துக் கூப்பிட்டான். "மா புஷ்பம், காலையிலேர்ந்து மனசுக்குள்ள உங்களுக்கு விலங்கு மாட்டி வச்சிருந்தேன். கழட்டிட்டேன். மன்னிச்சிடுங்க."

நகல் முடிந்தது. வெளி டிஸ்கைப் பிடுங்கிச் சாந்தகுமாரி கையில் வைத்துக்கொண்டபோதுதான் தெருவில் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே குரலில் கத்தினார்கள். "மீ லாபி!" விளக்கு வந்துவிட்டது. ஊரெல்லாம் தண்ணீர் மோட்டார் போட ஓடுகிற சத்தம். மின்விசிறி சுழன்றது.

கண்ணாடி அறை வாசலில் உதயசூரியன் நின்றிருந்தார். தூங்கி எழுந்த முகமாக இல்லை.

"யாருன்னு தெரிஞ்சுதா ஸயாமா?"

புஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். காளியம்மா சட்டென்று அவளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தெரிஞ்சுது" என்றாள் சாந்தகுமாரி. "ஆனா நீங்க திருடனைப் பிடிக்க என்னைக் கூப்பிடலை."

"வேற எதுக்கு?"

"வீட்டுக்குள்ள திருடன் இருக்கான்னு தெரிஞ்சா எவனும் முதல்ல கதவைச் சாத்துவான். சர்வரோட நீலக் கேபிளைப் பிடுங்கிட்டா போதும், எல்லாம் நின்னுடும். கலியாண வீடியோவுல முடி நரைச்ச நீங்க, அது தெரியாதவரா? கேபிள் மேல தூசி படிஞ்சு கிடக்கு. யாரும் தொடலை. நீங்க தினமும் தூங்கற மாதிரி நடிச்சுக்கிட்டு, அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

உதயசூரியன் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"நான்தான் அழிக்கச் சொன்னேன்" என்றார். "எல்லாம் போச்சான்னு திரும்பத் திரும்பக் கேட்டேன். பையன் ராத்திரியோட ராத்திரியா எல்லை தாண்டிப் போயிட்டான். யாராவது தேடி வந்தா வீட்டுல அவன் முகமே இருக்கக் கூடாதுன்னு சொன்னேன். அவனுக்காகத்தான்னு சொன்னேன். பொய். எனக்குப் பயம். பெத்த பிள்ளையைத் துடைச்சுப் போட்ட கை இது ஸயாமா."

காளியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மறுநாளே பச்சை விளக்கு மினுங்குச்சு. ஏதாவது மிச்சமிருக்கோன்னு ஒரு நப்பாசை. புஷ்பத்தைக் கேக்கலாம். என்னன்னு கேப்பேன்? மிரட்டி அழிக்க வச்சதே நான். பெத்தவ இவளைக் கேக்கலாம். எந்த மூஞ்சியோட கேப்பேன்?"

பர்மியர்கள் இதற்கு ஆனாதே என்பார்கள். அடுத்தவர் மனசு நோகுமே என்று தன் வாயைக் கட்டிக்கொள்வது. ஊருக்கே அது நல்ல குணம். இந்த வீட்டில் மூன்று பேரும் அதைக் கடைப்பிடித்து, ஒரே பையனுக்காக மூன்று மூலையில் தனித்தனியாக அழுதிருந்தார்கள்.

"திருட்டுன்னா அவளை அனுப்பிடறேன்னு சொன்னீங்களே" என்றான் ஜோஸ். அதில் கேலி இல்லை.

"துப்பறியும் ஆளைக் கூப்பிட ஒரு திருட்டு வேணுமே தம்பி. அதுக்கு அந்தப் பொண்ணு பேரைக் கெடுத்தேன். அதையும் சேர்த்துக்க." அவர் புஷ்பத்தைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. "நீ எங்கேயும் போகாதேம்மா."

சாந்தகுமாரி வெளி டிஸ்கை அவர் கையில் வைத்தாள். "இதுல எல்லாம் இருக்கு. நாங்களும் குத்தமில்லாதவங்க இல்லை. நாங்க வச்ச பொறியில உங்க பையன் இன்னிக்கு இன்னொரு தடவை அழிஞ்சிருப்பான். அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும்."

அவர் டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திடீரென்று அது சுட்டதுபோலக் காளியம்மாவிடம் நீட்டினார். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மேல வாங்க" என்றாள். "டிவியில இருக்கு. தண்ணித் திருவிழா அன்னிக்கு நீங்க எடுத்தது."

"நான் வந்து..."

"வாங்கன்னா வாங்க."

படியில் அவர் கால் வைக்கிற சத்தம் தயங்கித் தயங்கிக் கேட்டது.

கீழே சாந்தகுமாரி வயர்களைச் சுருட்டினாள். மடிக்கணினி இன்னும் திறந்தே இருந்தது. படிக்கும் கோடு எழுந்தது. இப்போது அட்மின் அனுமதி இருந்ததால் எந்த வீடியோ, எந்த இடம் என்பதுகூடத் தெரிந்தது. மூவரும் நின்று பார்த்தார்கள்.

"அம்மா எப்பவும் நிறுத்தற இடம் வருது" என்றாள் புஷ்பம். "சுந்தர் அண்ணன் கேமரா முன்னாடி குனிஞ்சு சிரிப்பாரு. அங்கேதான் நிறுத்துவாங்க."

கோடு நிற்கவில்லை. அந்த இடத்தைத் தாண்டிப் போனது. கொஞ்ச தூரம் போய், அம்மா ஒருநாளும் நிறுத்தாத ஓர் இடத்தில் நின்றது. பின்னால் வந்து மறுபடி ஓடியது. அதே இடத்தில் நின்றது.

"ரிமோட் கை மாறிடுச்சு" என்றாள் சாந்தகுமாரி. "அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை ஸயாமா. கேமராவுல தண்ணி பட்டு எல்லாம் கலங்கிப் போயிருக்கும். குரல் மட்டும் கேக்கும். 'அப்பா, அதைக் கீழ வச்சுட்டு நீங்களும் வாங்கப்பா'ன்னு கூப்பிடுவாரு."

"போனாரா?"

"இல்லை. எடுத்துக்கிட்டேதான் இருந்தாரு."

ஜோஸ் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். பச்சை விளக்கு நின்றது. கோடு திரும்ப அதே இடத்துக்குப் போக, விளக்கு மறுபடி மினுங்கத் தொடங்கியது.